ராப் சிங்கிளும் அதன் வீடியோவும்: எழுதுவதிலிருந்து வெளியிடுவது வரை

தமிழில் சொந்தமாக ஒரு ராப் பாட்டை எழுதிப் பதிவுசெய்து, அதற்கு ஒரு வீடியோவும் எடுத்து வெளியிட விரும்புகிறவருக்கு வேண்டிய கருவிகள் இன்று பெரும்பாலும் கைக்கெட்டும் தூரத்திலேயே கிடைக்கின்றன. ஒரு மடிக்கணினி, மைக்கைக் கணினியோடு இணைக்கும் ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு கண்டென்சர் மைக், வாடகைக்கு எடுத்த ஒரு கேமரா ஆகியவை இருந்தால் வேலையைத் தொடங்கிவிடலாம். இருந்தும், புதிதாக வரும் சிங்கிள்கள் (தனியாக வெளியாகும் பாட்டுகள்) பலவற்றில் ஒரு குறை திரும்பத் திரும்பத் தென்படுகிறது. பாடுகிறவர் என்ன சொல்கிறார் என்பது முதல் தடவை கேட்கும்போது புரிவதில்லை. ராப் சொல்லை நம்பி நிற்கும் இசை. 1982இல் வெளியான ‘தி மெசேஜ்’ என்ற அமெரிக்க ராப் பாட்டு இன்றும் பேசப்படுவதற்குக் காரணம், நியூயார்க் நகரத்து ஏழைக் குடியிருப்புகளின் வாழ்க்கை அதில் வரி வரியாகக் காதில் விழுவதுதான். 2006இல் மலேசியாவின் யோகி பியும் நட்சத்ராவும் வெளியிட்ட ‘வல்லவன்’ தொகுப்பு, வேகமாகச் சொன்னாலும் தமிழ்ச் சொல் சிதையாமல் நிற்கும் என்பதைக் காட்டியது. ஆகவே எழுத்து, பீட் (பாட்டின் பின்னணி இசைத் தடம்), ஒலிப்பதிவு, படப்பிடிப்பு, எடிட்டிங் ஆகிய ஒவ்வொரு கட்டத்திலும் ‘இதனால் வரி தெளிவாகக் கேட்குமா’ என்ற ஒரே கேள்வியை முன்வைத்து முடிவெடுக்கும் முறையை இங்கே விளக்குகிறேன்.

வரியும் தாளமும்

ராப் எழுதத் தொடங்கும் பலர் அடியின் கடைசிச் சொல்லை மட்டும் ஒத்து ஒலிக்கச் செய்தால் போதும் என்று நினைக்கிறார்கள். ஆங்கிலத்தில் அது கடினமான வேலை, தமிழிலோ மிக எளிது. வினைமுற்றுகள் பலவும் ‘ஏன்’, ‘ஆன்’, ‘உது’ என்று முடிவதால், ‘போறேன்’, ‘வாறேன்’, ‘பாக்குறேன்’ என்று பதினாறு அடிகளையும் முயற்சியே இல்லாமல் முடித்துவிடலாம். கேட்பவருக்கு அதில் எந்தச் சுவையும் கிடைக்காது, ஏனென்றால் அடுத்த அடி எப்படி முடியும் என்பது அவருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. நம் யாப்பு மரபு எதுகையை அடியின் தொடக்கத்திலும், மோனையை முதல் எழுத்திலும், இயைபை இறுதியிலும் வைத்திருக்கிறது. மூன்றையும் கலந்து பயன்படுத்தினால் ஒலி ஒற்றுமை அடி முழுவதும் பரவும், இறுதிச் சொல்லின் மேல் மட்டும் பாரம் விழாது.

மீன்பிடித் துறைமுகம் ஒன்றைப் பற்றிய பாட்டு என்று வைத்துக்கொள்வோம். முதல் வரைவில் இப்படி ஓர் இணை வரலாம்:

வலையில விழுந்த மீனுக்கு விலை ஒண்ணு இருக்கு
அலையில விழுந்த ஆளுக்கு என்ன விலை இருக்கு

கருத்து இருக்கிறது. ஆனால் ‘இருக்கு’ இரண்டு முறை வந்து இறுதியைச் சோர்வாக்குகிறது. அதையே இப்படி மாற்றிப் பாருங்கள்:

வலையில விழுந்த மீனுக்கும் ஏலத்துல ஒரு கணக்கு
அலையில விழுந்த ஆளுக்கு ஆபீசுல வெறும் வழக்கு

‘வலை’, ‘அலை’ என்ற எதுகை அப்படியே இருக்கிறது. இறுதியில் வினைமுற்று போய், ‘கணக்கு’, ‘வழக்கு’ என்ற இரண்டு பெயர்ச்சொற்கள் வந்துவிட்டன. அவை ஒலியில் ஒத்துப்போவதோடு பொருளில் மோதவும் செய்கின்றன. ‘அலை’யும் ‘ஆள்’உம் ‘ஆபீசு’ம் மோனையாக அமைந்திருப்பதால் இரண்டாம் அடி நாவில் தானாக உருளுகிறது. நல்ல ராப் வரி பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது திருத்தத்தில்தான் பிறக்கிறது.

வரியைத் தாளத்தில் அமர்த்துவது அடுத்த வேலை. நிமிடத்திற்கு 90 பீட் வேகத்தில், நான்கு எண்ணிக்கை கொண்ட ஒரு பார் ஏறத்தாழ 2.67 வினாடி ஓடும். அதைப் பதினாறு சிறு பகுதிகளாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் ஒரு வினாடியில் ஆறில் ஒரு பங்கு. மேலே திருத்திய இணையின் முதல் அடியில் பத்தொன்பது அசைகள் இருக்கின்றன (யாப்பின் நேர், நிரை கணக்கில் அல்ல, சிலபிள் கணக்கில்). அதை ஒரே பாரில் திணித்தால் வினாடிக்கு ஏழு அசை என்றாகும். பாடுகிறவரால் சொல்ல முடியலாம், கேட்கிறவரால் பிடிக்க முடியாது. இரண்டு பார்களில் விரித்து, ‘மீனுக்கும்’ என்பதோடு முதல் பாரை முடித்து, ஒரு சிறு மூச்சு விட்டு, ‘ஏலத்துல’ என்று அடுத்ததைத் தொடங்கினால் ‘கணக்கு’ இரண்டாவது பாரின் நான்காம் எண்ணிக்கையில் வந்து விழும். அங்கேதான் ஸ்னேர் (கூர்மையான டிரம் ஒலி) அடிக்கிறது. ‘க்கு’வில் உள்ள ‘க்’ என்ற ஒற்றை உச்சரிக்கும்போது காற்று ஒரு கணம் அடைபட்டு ஒலி நின்றுபோகிறது. அந்த நொடி நேர மௌனத்தில் ஸ்னேர் விழுந்தால் சொல்லும் தாளமும் ஒன்றையொன்று மறைக்காமல் இரண்டும் துல்லியமாகக் கேட்கும்.

இன்னொரு நுணுக்கத்தையும் இங்கே கவனிக்க வேண்டும். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, ஒற்றுக்கு அரை என்ற கணக்கு பள்ளி இலக்கணத்தோடு முடிந்துபோகும் விஷயம் கிடையாது. வேகத்துக்காக நெடிலைக் குறுக்கினால் ‘காடு’ ‘கடு’வாகிவிடும், ஒற்றை விழுங்கினால் ‘பட்டு’ ‘படு’வாகிவிடும். குற்றியலுகரத்தில் முடியும் சொற்களின் கடைசி எழுத்து இயல்பாகவே தேய்ந்து ஒலிப்பதால், அதற்கு முந்தைய எழுத்தில் அழுத்தம் இருக்குமாறு சொல்லைத் தேர்ந்தெடுப்பது நல்லது. எழுதி முடித்ததும் பீட் இல்லாமல், கைத்தட்டலை மட்டும் வைத்துக்கொண்டு, பாட்டைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரிடம் சொல்லிக் காட்டுங்கள். அவர் எந்தச் சொல்லைத் திரும்பக் கேட்கிறாரோ அந்தச் சொல்லை மாற்றிவிடுங்கள்.

அமைப்பைப் பொறுத்தவரை, நான்கு பார் முன்னிசை, பதினாறு பார் சரணம், எட்டு பார் ஹூக் (திரும்பத் திரும்ப வரும் பகுதி), மறுபடியும் பதினாறு, எட்டு, கடைசியில் நான்கு என்று வைத்தால் மொத்தம் ஐம்பத்தாறு பார்கள், 90 பீட் வேகத்தில் சுமார் இரண்டரை நிமிடம் வரும். முதல் சிங்கிளுக்கு இது போதும். மூன்றாவது சரணம் எழுதியிருந்தாலும் அதை அடுத்த பாட்டுக்கு வைத்துக்கொள்ளுமாறுதான் நான் சொல்வேன்.

பீட்டைத் தேர்ந்தெடுப்பதும் உரிமையைத் தீர்ப்பதும்

பீட்டை நீங்களே செய்யலாம், நண்பர் ஒருவரைச் செய்யச் சொல்லலாம், அல்லது இணையத்தில் விலைக்கு வாங்கலாம். எந்த வழியாக இருந்தாலும், குரல் வரும் இடத்தில் பீட் விலகி நிற்கிறதா என்று பாருங்கள். தமிழ் மெய்யெழுத்துகளின் தெளிவு பெரும்பாலும் 2 முதல் 5 கிலோஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் இருக்கிறது. அதே இடத்தில் உரத்த சின்தசைசர், நாகஸ்வரச் சாம்பிள் (வேறு பதிவிலிருந்து எடுத்த ஒலித் துணுக்கு), இடைவிடாத ஹை-ஹாட் தாளம் ஆகிய மூன்றும் குவிந்திருந்தால் எவ்வளவு நன்றாகப் பாடினாலும் பயன் இருக்காது. 1980இல் வந்த ரோலண்ட் டிஆர்-808 தாள இயந்திரத்தின் ஆழ்ந்த பேஸ் ஒலி ராப்பில் இன்றும் நீங்காத இடம் பெற்றிருக்கிறது. ஆனால் நம் கேட்பவர்களில் பெரும்பாலோர் கைப்பேசி ஸ்பீக்கரில்தான் முதலில் கேட்பார்கள். அந்தச் சிறு ஸ்பீக்கரால் அடி ஆழ ஒலியைத் தர முடியாது. பேஸில் சிறிதளவு சாச்சுரேஷன் (ஒலியை மெல்லச் சிதைக்கும் விளைவு) சேர்த்தால் மேல் சுரங்கள் தோன்றி, சிறிய ஸ்பீக்கரிலும் அதன் அசைவு தெரியும். பறை, தவில் போன்ற கருவிகள் வேண்டும் என்றால் ஆயத்தச் சாம்பிள்களைத் தேடுவதை விட, வாசிக்கும் கலைஞர் ஒருவரை அழைத்து, உரிய ஊதியம் கொடுத்து, அவர் பெயரையும் போட்டுப் பதிவுசெய்வதே மேல். பறையின் ஒலி கைக்குக் கை மாறும். அந்த மாற்றம் உங்கள் பாட்டுக்கு மட்டுமே உரியதாக இருக்கும்.

இணையத்தில் ‘இலவசம்’ என்று போட்டிருக்கும் பீட்டுகள் பெரும்பாலும் வருமானம் ஈட்டாத பயன்பாட்டுக்கு மட்டுமே இலவசம். குத்தகை உரிமம், தனியுரிமை உரிமம் என்று இரண்டு வகை உண்டு. குத்தகையில் அதே பீட்டை வேறு பலரும் வாங்கியிருப்பார்கள் என்பதால், உங்கள் பாட்டை, ஒலியை ஒப்பிட்டு உரிமையாளரைக் கண்டறியும் யூடியூபின் கன்டென்ட் ஐடி அமைப்பில் பதிவுசெய்வதற்கு வழக்கமாக அனுமதி இருக்காது. உரிமச் சீட்டை வரி வரியாகப் படித்துவிட்டு, விற்றவரின் பெயரும் தேதியும் தெரியும்படி அதை ஒரு கோப்பாகச் சேமித்து வையுங்கள்.

பழைய திரைப்பாடலிலிருந்து இரண்டு வினாடியை எடுத்துச் சுழற்றும் ஆசை எல்லோருக்கும் வரும். அங்கே இரண்டு தனித்தனி உரிமைகள் இருக்கின்றன. பாட்டின் வரியும் மெட்டும் ஒன்று, அந்தக் குறிப்பிட்ட ஒலிப்பதிவு மற்றொன்று. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி ஒலிப்பதிவுக்கு, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு முதல் 60 ஆண்டுகள் பாதுகாப்பு உண்டு. எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் அவர்கள் ஆயுளோடு மேலும் 60 ஆண்டுகள். ஆகவே பதிவு பழையது என்ற காரணத்தாலேயே மெட்டு பொதுவானதாகிவிடாது. அமெரிக்காவில் பிஸ் மார்க்கி என்ற ராப் பாடகரின் பாட்டில் அனுமதியின்றி எடுக்கப்பட்ட சாம்பிளுக்கு எதிராக 1991இல் நியூயார்க் நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு, சாம்பிள் எடுப்பதற்கு முன் அனுமதி வாங்குவது அங்கே தொழில் நடைமுறையாகிவிட்டது. இங்கும் அதே ஒழுங்கைக் கடைப்பிடிப்பதுதான் பாதுகாப்பு. பழைய வரி கட்டாயம் வேண்டும் என்றால் பாரதியாரின் வரிகள் பொதுவுடைமையாக இருக்கின்றன, அவற்றை உங்கள் சொந்த மெட்டில் சொல்லலாம். ஆனால் திரைப்படத்தில் அந்த வரிக்கு யாரோ போட்ட மெட்டைத் தொடக் கூடாது.

இப்போது, பலரும் தள்ளிப்போடும் வேலைக்கு வருகிறேன். யார் எழுதினார், ஹூக்கின் மெட்டை யார் போட்டார், பீட் யாருடையது, முடிந்த ஒலிப்பதிவு யாருக்குச் சொந்தம், வருமானத்தில் யாருக்கு எத்தனை சதவீதம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்திடும் வேலை அது. நண்பர்களுக்குள் இது எதற்கு என்ற தயக்கம் இயல்பானது. பாட்டு பெரிதாகப் போய்விட்டால் அந்தத் தயக்கத்தின் விலையும் பெரிதாகிவிடுகிறது. 2021 மார்ச் மாதம் வெளியாகி உலகெங்கும் போய்ச் சேர்ந்த ‘என்ஜாய் எஞ்சாமி’யை எடுத்துக்கொள்வோம். தீயும் அறிவும் பாடி, சந்தோஷ் நாராயணன் தயாரித்த அந்தப் பாட்டில் யாருடைய பங்கு எவ்வளவு என்பது அடுத்த ஆண்டே பொதுவெளியில் விவாதமானது. 2024இல், அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு வருமானம் எதுவும் வந்துசேரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகக் கூறினார். அத்தனை பேர் நேசித்த ஒரு பாட்டைச் சுற்றி இப்படி ஒரு பேச்சு எழுந்தது என்றால், முதல் சிங்கிள் செய்யும் நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

சட்டமும் எழுத்தையே கேட்கிறது. பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆவது பிரிவின்படி உரிமையை ஒருவருக்கு மாற்றிக் கொடுப்பது எழுத்து வடிவில், கையெழுத்தோடு இருக்க வேண்டும்; எத்தனை காலத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எந்த நிலப்பரப்புக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் அது கொள்ளப்படும். ஒரு லேபிள் (இசை நிறுவனம்) உங்களிடம் ஒப்பந்தம் நீட்டினால் முதலில் இந்த இரண்டு இடங்களைத் தேடிப் படியுங்கள். ‘என்றென்றைக்கும், உலகம் முழுவதும்’ என்று இருந்தால், ஒரு வழக்கறிஞரிடம் காட்டாமல் கையெழுத்திட வேண்டாம். உரிமையை விற்றுவிட்டாலும், எழுதியவர் என்ற பெயரைக் கோரும் உரிமை 57ஆவது பிரிவின்படி உங்களிடமே இருக்கும். பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் ஐபிஆர்எஸ் (இந்தியன் பெர்ஃபார்மிங் ரைட் சொசைட்டி) சங்கத்தில் உறுப்பினராகச் சேர்ந்து பாட்டைப் பதிவுசெய்துகொண்டால், பொது இடங்களிலும் ஒளிபரப்புகளிலும் அது பயன்படும்போது ராயல்டி பெற வழி உண்டு.

குரல் பதிவு

விலை உயர்ந்த மைக்கை விட நல்ல அறை முக்கியம். வெற்றுச் சுவர்களும் மொசைக் தரையும் உள்ள அறையில் எந்த மைக்கும் எதிரொலியைத்தான் பதியும். துணிகள் நிறைந்த அலமாரி, சுவரில் சாய்த்த இலவம்பஞ்சு மெத்தை, பின்னால் தொங்கவிட்ட கனமான போர்வை ஆகியவை இருந்தால் படுக்கையறையே போதுமான ஸ்டூடியோ. மின்விசிறியையும் ஏசியையும் நிறுத்திவிட்டு, தெரு அடங்கிய நேரத்தில் பதிவுசெய்யுங்கள்.

மைக்கிலிருந்து ஒரு சாண் அளவு தள்ளி நின்று, நடுவில் பாப் ஃபில்டரை வைத்துக்கொள்ளுங்கள். சொல்லின் முதலில் வரும் ‘ப’ பெருங்காற்றோடு மைக்கில் மோதும் என்பதால், நேராகப் பார்த்துப் பாடாமல் சற்றே பக்கவாட்டில் திரும்பிப் பாடுவது உதவும். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் பதிவுசெய்யுங்கள். வீடியோவின் வழக்கமான அளவும் அதுவே. உச்ச அளவு மைனஸ் 12க்கும் மைனஸ் 6 டெசிபலுக்கும் இடையில் இருக்கட்டும். முக்கியக் குரலை முழுச் சரணமாகச் சில தடவை எடுத்து, சிறந்ததைத் தேர்ந்து, தேவையான இடத்தில் மட்டும் ஓரிரு சொற்களைத் திரும்பப் பதியுங்கள். சொல் சொல்லாக ஒட்டவைத்த பதிவில் மூச்சின் ஒழுங்கு கெட்டு, பாடுகிறவர் ஒரு மனிதர் என்ற உணர்வே போய்விடும். அதன் பின் அடியின் இறுதிச் சொற்களை மட்டும் இன்னொரு தடத்தில் இரட்டித்துப் பாடி, குறைந்த ஒலியில் கீழே வையுங்கள். முழு அடியையும் இரட்டித்தால் ல, ள, ழ வேறுபாடு மங்கிவிடுவதைக் கேட்கலாம்.

மிக்ஸிங்கில் முதலில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே குரலை வெட்டுங்கள், 200 முதல் 400 ஹெர்ட்ஸ் வரை மந்தமாக இருந்தால் சற்றுக் குறையுங்கள், உரத்த இடமும் மெல்லிய இடமும் நெருங்கி வரும்படி 4க்கு 1 என்ற விகிதத்தில் கம்ப்ரஸ் செய்யுங்கள், ‘ச’வும் ‘ஸ’வும் காதைக் குத்தினால் டி-எஸ்ஸர் போடுங்கள். இவற்றை விடப் பயனுள்ள வேலை, அடி அடியாகக் குரலின் ஒலியளவைக் கையால் ஏற்றி இறக்குவது. அலுப்பூட்டும் வேலைதான், ஆனால் கடைசிச் சொல் தேய்ந்துபோகும் குறையை வேறு எந்தக் கருவியாலும் இப்படித் தீர்க்க முடியாது. ஸ்பாட்டிஃபையில் ஒலியளவு ஏறத்தாழ மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குச் சமன்செய்யப்படுகிறது என்பதால், சத்தத்துக்காக மாஸ்டரை (இறுதி ஒலிப்பதிவை) நசுக்குவதால் கிடைப்பது ஒன்றுமில்லை; உச்சத்தை மைனஸ் 1 டெசிபலில் நிறுத்துங்கள். முடிந்ததும் கைப்பேசியில், ஓடும் பேருந்தில், ஒற்றைக் காதில் இயர்போன் வைத்துக் கேளுங்கள். அங்கே வரி புரிந்தால் மிக்ஸ் முடிந்தது. குரல் இல்லாத பதிப்பு, குரல் மட்டும் உள்ள பதிப்பு, தனித்தனித் தடங்கள் ஆகிய மூன்றையும் அன்றே வெளியே எடுத்து வையுங்கள். மேடை நிகழ்ச்சிக்கும் வீடியோவுக்கும் அவை தேவைப்படும்.

வீடியோ

மாஸ்டர் கையில் வராமல் படப்பிடிப்புக்குப் போகக் கூடாது. தற்காலிக மிக்ஸுக்கு வாயசைத்துவிட்டுப் பிறகு ஒரு சரணத்தைத் திரும்பப் பாடினால், எடுத்த காட்சி அனைத்தும் ஒத்துவராமல் போகும்.

கருத்தை ஒரே பக்கத்தில் எழுதுங்கள். வரி சொல்வதைப் படமும் அப்படியே சொல்ல வேண்டியதில்லை. ‘வலை’ என்று பாடும்போது வலையைக் காட்டினால் பார்ப்பவர் ஒரே செய்தியை இரண்டு முறை பெறுகிறார். நம் உதாரணப் பாட்டைச் சென்னை காசிமேட்டில் எடுப்பதாக இருந்தால், விடியலுக்கு முந்தைய ஏலத்தில் விலை கேட்டு நீளும் கைகள், ஐஸ் உடைக்கும் மரக்கட்டை, ஈரத் தரையில் இழுபடும் பிளாஸ்டிக் கூடை, தராசுத் தட்டில் ஒட்டிய செதில் ஆகியவற்றைச் சரணத்துக்கு வெளியே, முன்னிசையிலும் ஹூக்கின் இடைவெளிகளிலும் வைக்கலாம். சரணத்தின் முக்கிய வரிகளுக்கு முகம்தான் வேண்டும். அங்கே வேலை செய்கிறவர்களைப் படம் பிடிப்பதற்கு முன் அவர்களிடம் போய்ப் பேசி, பாட்டைப் போட்டுக் காட்டிச் சம்மதம் கேளுங்கள். ஏலத்தின் நடுவில் டிரைபாடை நட்டு வழியை மறிப்பது அவர்கள் அன்றைய கூலியில் கை வைப்பதற்குச் சமம்.

பொது இடங்களுக்கு உரிய அனுமதியை முன்கூட்டியே வாங்க வேண்டும். ரயிலோ ரயில் நிலையமோ என்றால் ரயில்வேயின் தனி அனுமதி வேண்டும். நடைமேடையில் ஒளித்து எடுக்கும் பழக்கத்தை விட்டுவிடுவதே நல்லது. டிரோனுக்கு 2021ஆம் ஆண்டின் டிரோன் விதிகள் பொருந்தும். 250 கிராமுக்கு உட்பட்ட நேனோ வகைக்கு டிரோன் ஓட்டும் சான்றிதழ் தேவையில்லை என்றாலும், எங்கே பறக்கலாம் என்ற கட்டுப்பாடு அதற்கும் உண்டு. விமான நிலையத்தைச் சுற்றி 12 கிலோமீட்டர் வரை பல தடைகள் இருப்பதால், மீனம்பாக்கத்தை உள்ளடக்கிய சென்னையில் அரசின் டிஜிட்டல் ஸ்கை இணைய வரைபடத்தில் இடத்தைப் பார்த்த பிறகே டிரோன் காட்சியைத் திட்டத்தில் எழுதுங்கள்.

கேமராவில் வினாடிக்கு 25 ஃபிரேம் என்று வைப்பது நம் நாட்டுக்குப் பொருத்தம். இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் ஓடுகிறது. ஷட்டரை 50இல் ஒரு பங்கு அல்லது 100இல் ஒரு பங்கு வினாடியில் வைத்தால், டீக்கடை ட்யூப்லைட்டும் தெருவிளக்கும் படத்தில் துடிக்காது. வெளிப்புறக் காட்சிகளைக் காலை ஒன்பது மணிக்குள்ளும் மாலை நான்கு மணிக்குப் பிறகும் எடுங்கள். நடுப்பகல் வெயிலில் கண்குழிகள் கறுத்துவிடும். அப்போதும் எடுத்தே ஆக வேண்டும் என்றால், நிழலுக்குள் ஆளை நிறுத்தி, ஒரு தெர்மகோல் பலகையால் முகத்துக்கு ஒளியைத் திருப்புங்கள். எக்ஸ்போஷரை எப்போதும் பாடுகிறவரின் முகத்தை வைத்தே தீர்மானியுங்கள். வெள்ளைச் சட்டையை வைத்துத் தானியங்கி முறையில் விட்டால் நம் கறுத்த முகங்கள் இருளில் மூழ்கிவிடும். பின்னணி வானம் வெளிறிப்போனாலும் பரவாயில்லை, முகத்தின் நிறமும் உதட்டின் அசைவும் துல்லியமாகத் தெரிய வேண்டும்.

ஸ்பீக்கரைப் பாடுகிறவருக்கு அருகில் வைத்து, பாட்டுக்கு முன்னால் நான்கு பீப் ஒலிகள் சேர்த்த பதிப்பை ஒலிக்கச் செய்யுங்கள். கேமராவின் மைக்கும் ஓடிக்கொண்டிருக்கட்டும், எடிட்டில் இரண்டையும் பொருத்த அது உதவும். ஒவ்வோர் இடத்திலும் பாட்டை முழுவதுமாக மூன்று அளவுகளில் எடுங்கள்: முழு உருவம், மார்பளவு, முகம் மட்டும். பாடுகிறவர் வெறுமனே வாயசைக்கக் கூடாது, உரக்கப் பாட வேண்டும். கழுத்து நரம்பும் மூச்சும் பொய் சொல்லாது. சற்றே கனமான, மெதுவான அசைவு வேண்டும் என்றால், வினாடிக்கு 30 ஃபிரேமில் எடுத்து, பாட்டை 1.2 மடங்கு வேகத்தில், அதாவது 90 பீட்டை 108ஆக ஓட்டிப் பாடவைத்து, எடிட்டில் 25க்கு இறக்கினால் உதடு ஒத்துப்போகும், உடலின் அசைவு மட்டும் மிதப்பாகத் தெரியும். இரண்டு மடங்கு வேகத்தில் ராப் பாடச் சொல்வது எவருக்கும் கொடுமை, 1.2 மடங்குக்கு மேல் போக வேண்டாம்.

எடிட்டிங் மேசையில் முதலில் பார்க்க வேண்டியது உதடு. ‘ப’வும் ‘ம’வும் சொல்லும்போது இரண்டு உதடுகளும் மூடும். அந்த ஃபிரேமையும் ஒலியலையின் அந்த இடத்தையும் ஒன்றாக நிறுத்திப் பாருங்கள். கேமரா பத்து மீட்டர் தள்ளி நின்றிருந்தால் ஒலி அதை அடைய ஏறத்தாழ 30 மில்லிவினாடி ஆகும், அதாவது ஒரு ஃபிரேமில் முக்கால் பங்கு. அதனால் தானியங்கிப் பொருத்தத்தை மட்டும் நம்பாமல், உதட்டை வைத்துச் சரிபாருங்கள். இரண்டு ஃபிரேம் விலகினாலே பார்ப்பவருக்கு ஏதோ உறுத்தும், காரணம் மட்டும் சொல்லத் தெரியாது.

ஒவ்வொரு பீட்டுக்கும் ஒரு வெட்டு என்ற பழக்கம் ராப் வீடியோக்களில் பரவிக் கிடக்கிறது. ஹூக்கில் அது சரி. சரணத்தில், குறிப்பாக ‘வழக்கு’ போன்ற முடிவுச் சொல் வரும் இடத்தில், முகத்தை விட்டு விலகாதீர்கள். சொல் விழுந்து ஸ்னேர் அடித்த பிறகு வெட்டினால், அடுத்த காட்சி அந்தச் சொல்லுக்குப் பதிலாக அமையும். சொல்லுக்கு முன்னால் வெட்டினால் புதிய படத்தைப் பார்க்கும் அவசரத்தில் காது சொல்லைத் தவறவிடும்.

வெளியீடு

தேதியைத் தீர்மானித்துவிட்டு, அதற்குக் குறைந்தது மூன்று வாரம் முன்னதாக விநியோக நிறுவனம் ஒன்றின் வழியாகப் பாட்டை இசைத் தளங்களில் ஏற்றுங்கள். ஒவ்வோர் ஒலிப்பதிவுக்கும் அதை அடையாளம் காட்டும் ஐஎஸ்ஆர்சி எண் ஒன்று தேவை, எழுத்தும் எண்ணுமாக அதில் பன்னிரண்டு குறிகள் இருக்கும். பெரும்பாலும் விநியோக நிறுவனமே அதைத் தரும், குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பாட்டிஃபையின் பட்டியல்களுக்குப் பரிந்துரைக்க, கலைஞருக்கான கணக்கிலிருந்து வெளியீட்டுக்கு ஏழு நாளாவது முன்னதாக விண்ணப்பிக்க வேண்டும். பாட்டின் பெயரைத் தமிழிலும் ரோமன் எழுத்திலும் ஒரே மாதிரியாக எல்லாத் தளங்களிலும் எழுதுங்கள். ஓரிடத்தில் ஒரு மாதிரியும் வேறிடத்தில் வேறு மாதிரியும் இருந்தால் தேடுகிறவருக்குப் பாட்டு கிடைக்காது.

யூடியூபில் தமிழ் வரிகளைக் கேப்ஷனாக நீங்களே தட்டச்சு செய்து ஏற்றுங்கள். தானாக உருவாகும் கேப்ஷன் வேகமான பேச்சுத் தமிழைக் கண்டபடி எழுதும். காது கேளாதோருக்கும், தமிழ் பேசத் தெரிந்தும் வட்டார வழக்குப் பிடிபடாத வெளிநாட்டுத் தமிழருக்கும் நீங்கள் ஏற்றும் கேப்ஷன் பெரிய உதவி. வீடியோவின் கீழே உள்ள விளக்கப் பகுதியில் பாடலாசிரியர், இசை, பறை வாசித்தவர், மிக்ஸ், ஒளிப்பதிவு, எடிட், உதவியாளர்கள், படப்பிடிப்புக்கு இடம் தந்தவர்கள் என்று ஒருவரும் விடுபடாமல் பெயர்களை எழுதுங்கள். அந்தப் பட்டியல் முன்பு கையெழுத்திட்ட தாளோடு சொல்லுக்குச் சொல் ஒத்திருக்கிறதா என்று இன்னொருவரையும் பார்க்கச் சொல்லுங்கள்.

வெளியான முதல் வாரத்தில் கன்டென்ட் ஐடி உரிமைக் கோரிக்கை ஒன்று வரக்கூடும், குறிப்பாகப் பீட் குத்தகைக்கு எடுத்ததாக இருந்தால். பதற வேண்டாம். கோரியவர் யார், எந்த வினாடி முதல் எந்த வினாடி வரை என்று பார்த்து, சேமித்து வைத்த உரிமச் சீட்டைப் பீட் விற்றவருக்கு அனுப்பி, கோரிக்கையை விலக்கிக்கொள்ளச் சொல்லுங்கள். பெரும்பாலானவர்கள் விலக்கிவிடுவார்கள். விலக்காவிட்டால், அதே சீட்டை ஆதாரமாகக் காட்டித் தளத்திலேயே மறுப்புத் தெரிவிக்கலாம்.